களை பறித்த கை

நகரத்து அங்காடிகளில் மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களைக் காணாதவர் இன்று அரியர். சீமைச்சாமந்தி, புதினா, துளசி, எலுமிச்சைப்புல், தென்னாப்பிரிக்காவின் ரூய்போஸ் என வகைவகையாக அடுக்கப்பட்டிருக்கும் அப்பொட்டலங்கள் பலவற்றின்மேல் ஒரு பச்சை இலை வரையப்பட்டிருக்கும். அதனருகே 'இயற்கை வேளாண்மையில் விளைந்தது' என்ற வாசகம் இருக்கும். இரசாயன உரம் இடப்படவில்லை, செயற்கைப் பூச்சிக்கொல்லி தெளிக்கப்படவில்லை, களைக்கொல்லி பயன்படுத்தப்படவில்லை என்றே வாங்குவோர் அதற்குப் பொருள் கொள்கின்றனர். சான்றளிக்கும் விதிகளில் பயிர்ச்சுழற்சி, மண்வளம் பேணல் முதலிய உடன்பாட்டு நெறிகளும் உள்ளன எனினும், கடைவீதியில் நம் காதில் விழுபவை எதிர்மறைத் தொடர்களே. எது செய்யப்படவில்லை என்பதை அந்த வாசகம் உரக்கச் சொல்கிறது. எது செய்யப்பட்டது, யார் செய்தார் என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடையில்லை. இந்த மௌனத்தைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

இலக்கணம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் நினைவுக்கு வரலாம். தன் தன்மையில் இயல்பாக இருக்கும் இயற்கைப் பொருளை 'இத்தன்மையது' என்று சொன்னாலே போதும். செயலால் தன்மை மாறிய செயற்கைப் பொருளுக்கோ 'ஆயிற்று' என்னும் ஆக்கச்சொல் வேண்டும். அந்த ஆக்கமும் தன் காரணத்தை முன்னிட்டே வரவேண்டும் என்பது அங்கு வகுக்கப்பட்ட மரபு. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று வயலிலிருந்தே வருகிறது. எருவிட்டதையும் களையெடுத்ததையும் நீருக்கு வழி செய்ததையும் முதலில் கூறி, ஆகவே பயிர் நன்றாயிற்று என்று அது முடிகிறது. செழித்த பயிர் அவர்கள் கணக்கில் உழைப்பால் ஆன பொருள். ஆதலால் அதைச் சொல்லும்போது உழைப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலக வழக்கில் காரணம் கூறாமலும் ஆக்கச்சொல் வரலாம் என்ற விலக்கையும் அதே இலக்கணம் தருகிறது. இன்றைய மூலிகை வணிகம் இவ்விலக்கையே விதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது நம் கருத்து.

மூலிகையைத் தனித்துப் பேசக் காரணம் உண்டு. நெல்லுக்கு உமி இருக்கிறது. வாழைக்கும் மாதுளைக்கும் தோல் இருக்கிறது. சீமைச்சாமந்திப் பூவுக்கும் புதினா இலைக்கும் அத்தகைய காப்பு ஏதுமில்லை. பறித்தவை அப்படியே உலர்த்தப்பட்டு, வெந்நீரில் ஊறி, நம் குடலைச் சேர்கின்றன. ஒரு கிலோ உலர்ந்த சீமைச்சாமந்திக்கு 4 முதல் 5 கிலோ வரை பச்சைப் பூக்கள் வேண்டும் என்பதால், பூவில் ஒட்டியிருந்த நஞ்சும் உலரும்போது செறிவடைந்துவிடுகிறது. ஆகவே மூலிகைக்கு நஞ்சற்ற வேளாண்மை வேண்டும் என்பதில் இரண்டு கருத்துகளுக்கு இடமில்லை. ஆனால் இச்செடிகள் குட்டையானவை. இளமையில் மெல்ல வளர்பவை. களைக்கொல்லி இல்லாத நிலத்தில் களை இவற்றை எளிதில் விழுங்கிவிடும். களைக்கொல்லியை நிறுத்திய நாளிலேயே அந்த வேலை களைக்கொட்டுக்கும் அதைப் பிடித்த விரல்களுக்கும் வந்து சேர்கிறது. பூப்பறிப்பும் அப்படியே. நறுமணச் செடிகளில் எண்ணெயின் அளவு செடியின் பருவத்தையும் நாளின் பொழுதையும் பொறுத்து மாறுவது. இன்ன நிலையில் இன்ன பூ என்று தேர்ந்தெடுக்கும் கண்ணும் கையும் இன்றி உயர்ந்த சரக்கு கிடைப்பதில்லை.

எகிப்து நாட்டின் அனுபவம் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆஸ்திரியாவில் மருந்தியல் பயின்று பணியாற்றிய இப்ராஹிம் அபுலெய்ஷ், 1977இல் தாயகம் திரும்பி, கெய்ரோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பாலைநிலத்தில் 70 ஹெக்டேர் இடத்தை வாங்கினார். சேகெம் என்று அதற்குப் பெயரிட்டார். கிணறு வெட்டி, மரம் நட்டு, கால்நடை எருவை மக்கச் செய்து மணலை மண்ணாக்கிய பின், அங்கே மூலிகைகள் பயிராயின. அவை தேநீராகவும் மருந்தாகவும் எகிப்திலும் ஐரோப்பாவிலும் விலைபோயின. 2003இல் 'மாற்று நோபல்' என்று வழங்கப்படும் விருது சேகெமுக்கும் அவருக்கும் அளிக்கப்பட்டது. 2017இல் அவர் மறைந்தார்.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. சேகெமின் வயல்களில் பூச்சிக்கொல்லி எதுவும் தெளிக்கப்படவில்லை. ஆயினும் அங்கு விளைந்த மூலிகைகளில் பூச்சிக்கொல்லியின் எச்சம் இருந்தது. அக்கம்பக்கத்துப் பருத்தி வயல்களுக்கு வானூர்திகளிலிருந்து தூவப்பட்ட மருந்து காற்றில் மிதந்துவந்து சாமந்தியின்மேல் படிந்திருந்தது. வேலியை உயர்த்துவதால் தீரும் சிக்கல் அன்று இது. ஆகவே அவர்கள் பருத்தியின் பக்கம் திரும்பினர். 1990களின் தொடக்கத்தில், பூச்சிகளை இனக்கவர்ச்சிப் பொறிகள் முதலிய உயிரியல் வழிகளால் கட்டுப்படுத்தும் முறையைப் பருத்தியில் சோதித்துக் காட்டினர். அரசும் அதனை ஏற்றது; எகிப்தின் பருத்தி வயல்களில் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு பெருமளவு குறைந்தது. தன் வயலைத் தூய்மையாக்க அண்டை வயலையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. இயற்கை வேளாண்மை தனியொருவரின் நோன்பாக இருக்க இயலாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நாம் அறியோம்.

இரண்டாவது, பறிக்கும் கை. வறுமையால் வேலைக்கு வர நேர்ந்த சிறார்க்குப் பாதி நேரம் எளிய வேலை, மீதி நேரம் படிப்பு, உணவு, மருத்துவம் என்ற ஓர் ஏற்பாட்டைச் சேகெம் செய்தது. அச்சிறார் 'சீமைச்சாமந்திக் குழந்தைகள்' என்று அழைக்கப்பட்டனர். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகுக்குப் பின்னே, குனிந்து பூப்பறிக்கும் வேலைக்குச் சிறு விரல்களே மலிவாகக் கிடைக்கின்றன என்ற கசப்பும் உள்ளது. அந்நிறுவனம் அக்கசப்பை மறைக்கவில்லை, பெயர் வைத்து முன்னே நிறுத்தியது, பள்ளியும் கட்டியது. அதே எகிப்தில், நைல் கழிமுகத்தின் கர்பியா மாநிலத்தில், உலகத்தின் நறுமணத் தைலங்களுக்காக மல்லிகை பறிக்கப்படுகிறது. அங்கே சிறார் நள்ளிரவில் எழுந்து குடும்பத்தோடு பூப்பறிப்பதை 2024இல் பிபிசி வெளிக்கொணர்ந்தது. விடியலுக்கு முன் பறித்தால்தான் மணம் நிற்கும், கூலியோ எடைக்கணக்கு. எடைக்கணக்கு என்றால் ஒரு பெண்ணின் இரண்டு கைகள் போதா; பிள்ளைகளின் கைகளும் வேண்டும். மண்ணில் என்ன இடப்பட்டது என்று மட்டும் கேட்கும் சான்றிதழ் எதுவும் இக்கைகளைக் காணப்போவதில்லை.

நஞ்சில்லை என்பதாலேயே தீங்கில்லை என்றும் ஆகிவிடாது. 2011 கோடையில் ஜெர்மனியின் வடபகுதியில் கொடிய எஸ்செரிச்சியா கோலி நுண்ணுயிரால் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 53 பேர் மாண்டனர். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மீது பழி விழுந்தது. விற்காத வெள்ளரியை உழவர்கள் கொட்டி அழித்தனர். பின்னரே, லோயர் சாக்சனியில் முளைப்பயறு விளைவித்த ஓர் இயற்கைவழிப் பண்ணை தடத்தில் அகப்பட்டது. எகிப்திலிருந்து 2009இல் அனுப்பப்பட்ட 15 டன் வெந்தய விதையே இதற்குத் தோற்றுவாயாக இருக்கக்கூடும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் முடிவு கட்டினர். ஆனால் விதையில் அந்நுண்ணுயிர் கண்டெடுக்கப்படவில்லை. எகிப்தும் அம்முடிவை மறுத்தது. இதைக்கொண்டு இயற்கை வேளாண்மையைத் தூற்றியவர்கள் உண்டு. அது நேர்மையன்று, நுண்ணுயிர் எவ்வகை வேளாண்மையிலும் புகக்கூடியது. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உணவைக் காப்பது தூய நீரும் கழுவிய கையும் ஒழுங்கான கிடங்கும் ஆகும். அவையும் உழைப்பின் பகுதியே, அவற்றுக்கும் செலவுண்டு.

களையிடம் மீண்டும் வருவோம். மூலிகை வயல்களில் முளைக்கும் செனீசியோ முதலிய சில களைகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. இவை அச்செடிகள் தம்மைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ளத் தாமே உண்டாக்குபவை. மனிதரின் கல்லீரலுக்குக் கேடு செய்பவை. அறுவடையில் இத்தகைய களைகள் சில மூலிகையோடு கலந்தாலும் ஒரு மூட்டைச் சரக்கு கெட்டுவிடலாம். மூலிகைத் தேநீர்களில் இவை எதிர்பாராத அளவில் இருப்பதை 2013இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அறிவித்தது. 2022 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இவற்றுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உள்ளது. உலர்ந்த சீமைச்சாமந்தி, புதினா, ரூய்போஸ் போன்றவற்றில் ஒரு கிலோவுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது. அதாவது ஒரு மில்லிகிராமில் பாதிகூட இல்லை.

இங்கே நகைமுரண் ஒன்று இருக்கிறது. இந்நஞ்சு எந்த ஆலையிலும் உண்டானதன்று, முழுக்கமுழுக்க இயற்கையானது. நாம் பருகும் தேநீரை அந்த இயற்கையிடமிருந்து காப்பது, சாமந்தி வரிசைகளுக்கிடையே குனிந்து, இது பயிர், இது களை என்று இனம்பிரித்துப் பிடுங்கும் ஒருத்தியின் கண்தான். அவளுக்கு வேதியியல் தெரியவேண்டியதில்லை. இலையின் விளிம்பும் பூவின் அடியும் தெரிந்தால் போதும். அந்த அறிவு பல்லாண்டுப் பழக்கத்தில் வருவது. ஆனால் எங்கும் களையெடுப்பு 'திறனற்ற வேலை' என்ற பெயரிலேயே கூலிப்பட்டியலில் ஏறுகிறது. ஐரோப்பாவின் ஆய்வுக்கூடத்தில் பரிசோதிப்பவரின் ஊதியத்தையும் அவள் கூலியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உணவுப் பாதுகாப்பு என்ற பெருஞ்சொல் எவர் முதுகில் நிற்கிறது என்பது விளங்கும்.

ரூய்போஸ் விளையும் தென்னாப்பிரிக்காவின் சீடர்பெர்க் மலைப்பகுதியில் வேறொரு கடன் வெளிவந்தது. செந்நிறத் தேநீர் தரும் அந்தப் புதர்ச்செடி உலகில் வேறெங்கும் இயல்பாக வளர்வதில்லை. அதன் பயனை முதலில் அறிந்தோர் அம்மண்ணின் பழங்குடிகளான சான், கோய் மக்கள். நிலமும் வணிகமும் பிறர் கைக்குச் சென்றன. மலைச்சரிவுகளில் ஒதுக்கப்பட்ட சிறு உழவர்கள் இன்றும் மொத்த விளைச்சலில் சிறு பங்கினரே. பல்லாண்டுப் பேச்சுக்குப்பின் 2019 நவம்பரில் ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. பண்ணை வாயில் விலையில் 1.5 விழுக்காட்டை அவ்விரு சமூகங்களுக்கும் மரபறிவின் பங்காக ரூய்போஸ் தொழில்துறை அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொகை சிறியது, பங்கீட்டில் பூசல்களும் இல்லாமலில்லை. ஆனாலும் ஒரு மூலிகையின் விலைக்குள் அதன் காரணம் ஓர் எண்ணாக எழுதப்பட்டுவிட்டது. இலக்கணத்தின் மொழியில் சொன்னால், ஆக்கம் தன் காரணத்தோடு வந்தது.

காரணத்தை முன்வைப்பதற்கு இன்னொரு வழியைப் பிரான்சு நாட்டினர் காட்டியுள்ளனர். அங்கே மூலிகை வணிகர்க்கு வழங்கப்பட்டுவந்த சான்றுரிமை 1941இல் நீக்கப்பட்டது. புதிதாக எவரும் அத்தொழிலுக்கு முறைப்படி வர இயலாமற்போயிற்று. மூலிகை அறிவு மருந்துக்கடைகளுக்குள் ஒடுங்கியது. 1982இல் செவென் மலைப்பகுதியைச் சேர்ந்த சிறு உழவர்களும் மூலிகை சேகரிப்போரும் சேர்ந்து 'சாம்ப்ளே' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். மூலிகைகளைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லையே பெயராகக் கொண்ட சங்கம் அது. சாலைகளிலிருந்தும் இரசாயன வேளாண்மையிலிருந்தும் விலகிய இடத்தில் விளைவித்தல், காட்டுச்செடி அழியாதவாறு பறித்தல், கைவேலைக்கு முதலிடம் என்பன அவர்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட நெறிகள். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் சென்று பார்ப்பதே அங்கே தணிக்கை. குறையைக் காண்பவரும் அதே தொழில் செய்பவர் என்பதால், களை எங்கே ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இந்தியாவிலும் 2011 முதல், உழவர்களே ஒருவருக்கொருவர் உறுதியளிக்கும் பங்கேற்புச் சான்று முறை அரசின் ஏற்போடு இருந்துவருகிறது. ஆனால் அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அச்சான்று போதாது. கடல் கடக்கும் சரக்குக்கு வேறு சான்று, வேறு கட்டணம்.

இந்தக் கடல் நம் கரையையும் தொடுகிறது. மருத்துவ நூல்கள் நிலவாகை என்றும், தென்மாவட்டத்துச் சந்தைகள் அவுரி என்றும் வழங்கும் செடி, அரேபியாவிலும் வடகிழக்கு ஆப்பிரிக்காவிலும் தோன்றியது. சாயத்துக்குரிய அவுரி வேறு. இது மலமிளக்கியாகப் பயன்படுவது. நெல்லைச் சீமையில் நன்கு விளைந்ததால் 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரே உலக வணிகத்தில் நிலைத்து, ஐரோப்பிய மருந்து நூல்களிலும் ஏறிவிட்டது. தூத்துக்குடி, நெல்லை, இராமநாதபுர மாவட்டங்களின் வானம் பார்த்த நிலத்தில், சிறிதளவு மழையிலேயே இது விளையும். விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இலை பறிக்கத் தொடங்கலாம். இலையைக் கையால் உருவி, பச்சைநிறம் மாறாமல் நிழலில் உலர்த்த வேண்டும். பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே. ஓர் ஊரின் பெயர் மருந்தின் பெயராகி உலகைச் சுற்றிவருகிறது. அவ்வூர்க்காரியின் கூலியைப் பற்றி அப்பெயருக்கு எதுவும் தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் நடைமுறையிலுள்ள புதிய இயற்கை வேளாண் சட்டம், குழுவாகச் சான்று பெறும் சிறு உழவர்கள் சட்டப்படி பதிவுபெற்ற தம் சொந்த அமைப்பாக இருக்க வேண்டும் என்றும், ஒரு குழுவில் 2,000 பேருக்கு மேல் இருத்தல் கூடாது என்றும் கூறுகிறது. ஏற்றுமதியாளரின் நிழலில் பெயர்ப்பட்டியலாக மட்டும் இருந்த உழவர்க்கு இது சுமையாகவும் தெரியலாம். சொந்தக் காலில் நிற்கும் வாய்ப்பாகவும் அமையலாம். ஆனால் நிலமற்ற கூலிப்பெண் இக்குழுவில் உறுப்பினர் அல்லள். சட்டம் உழவரைக் காண்கிறது; களைபறிப்பவரைக் காண்பதில்லை. இயற்கை வேளாண் இயக்கத்துக்கு இது தெரியாததன்று. பன்னாட்டு இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு 2005இல் ஏற்றுக்கொண்ட நான்கு அடிப்படை நெறிகள் நலம், சூழலியல், நேர்மை, அக்கறை என்பன. நேர்மை என்பதில் உழைப்போர்க்குரிய நியாயமும் அடங்கும். அரசுகளின் சட்டங்களோ, அளந்து பார்க்கத்தக்கவற்றைப் பெரிதும் எடுத்துக்கொண்டு நேர்மையை முன்னுரையில் விட்டுவிட்டன.

இதற்கு ஒரு மறுப்பு எழும். கூலியை உயர்த்தினால் விலை உயரும். ஏற்கெனவே வசதியுள்ளோர்க்கே எட்டும் இயற்கை மூலிகை இன்னும் எட்டாமற்போகும் என்பர். இம்மறுப்பைப் புறந்தள்ள முடியாது. ஆனால் பொட்டலத்தின் விலையில் இலைக்குச் செல்வது எவ்வளவு, அட்டைப்பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் இடைத்தரகுக்கும் செல்வது எவ்வளவு என்று எவரும் நமக்குச் சொன்னதில்லை. அக்கணக்கு வெளிவராத வரையில், ஏழையின் பெயரால் கூலிக்காரியின் கையைக் கட்டிப்போடுவது முறையாகாது. சான்றிதழே வேண்டா என்பதும் நம் வாதம் அன்று. விளைவிப்பவரும் பருகுபவரும் ஒருவரையொருவர் காணாத தொலைவில் ஏதேனும் ஒரு தாள் நம்பிக்கையைச் சுமந்தாக வேண்டும். அத்தாளில் இன்னும் இரண்டு வரிகள் சேரட்டும் என்கிறோம்: களை பறித்தவருக்கும் இலை பறித்தவருக்கும் கிடைத்த நாட்கூலி எவ்வளவு, அவ்வயலில் சிறார் வேலை செய்தனரா என்பவை. சரக்கின் தொகுதி எண்ணைத் துறைமுகம் துறைமுகமாகப் பின்தொடரக்கூடிய வணிகத்துக்கு இவ்விரண்டு வரிகள் பெரும் சுமையாகா.

இலக்கிய ஏடுகளைப் படிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 'இயற்கை' என்ற சொல்லின் ஒளிக்கு அண்மைக்கால எழுத்தும் ஒரு காரணம். இழந்த சொர்க்கமாகவும், மாசற்ற தாய்மடியாகவும், நகரத்தால் கெடுக்கப்பட்ட மனத்தின் புகலிடமாகவும் கவிதையும் கட்டுரையும் அதனை ஏற்றிப் போற்றின. வணிகம் அந்த ஒளியை அப்படியே எடுத்து அட்டைப்பெட்டியில் ஒட்டிக்கொண்டது. வயலைப் பாடிய நம் பழைய புலவர்களோ களை பறிக்கும் மகளிரைக் காட்சியிலிருந்து நீக்கவில்லை. மருத நிலத்தைச் சொல்லும்போது அங்கே குனிந்து நிற்போரையும் சேர்த்தே சொன்னார்கள். சொல்லின் பொருளை வணிகர் கையில் முழுவதுமாக விட்டுவிடாமல் காப்பது மொழியோடு பழகுவோரின் பொறுப்பு. மூலிகையைப் பற்றி எழுதும் எவரும் அதன் மணத்தையும் குணத்தையும் சொன்னபின், அது யாரால் அவ்வாறு ஆயிற்று என்ற ஒரு வாக்கியத்தையும் எழுத வேண்டும். கடைக்காரர் விடை சொல்ல இயலாவிட்டாலும், 'இதைப் பறித்தவருக்கு என்ன கூலி?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பலர் கேட்கும் கேள்விக்குத்தான் அட்டைப்பெட்டியில் இடம் கிடைக்கிறது.